ராஜினியக்காவின் நான்கு வளைய மோதிரம்

செய்தி வந்தபோது நான் கண்ணாடிப் பெட்டியில் மோதிரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ராஜினியக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் இரண்டு வரியில் அனுப்பியிருந்தாள். கடை திறக்கும் நேரம். ஒரு மூச்சு அழக்கூட முடியவில்லை. முதல் வாடிக்கையாளர் உள்ளே வந்து பிரெஞ்சில் "போஞ்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். நானும் "போஞ்ஜூர்" என்றேன்.

நகரத்துக்கு வெளியே, புவாண்ட்-கிளேரில் ஒரு வணிக வளாகத்து நகைக்கடையில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அக்காவைப் பார்த்த உங்களுக்கு அவருடைய மோதிரம் நினைவிருக்கும். ஒன்றுக்குள் ஒன்று கோத்த நான்கு மெல்லிய வளையங்கள். ஒழுங்காகப் பொருத்தினால் நடுவில் முடிச்சுப்போல் தெரியும். கழற்றினால் குலைந்து தொங்கும். கலியாணமான புதிதில் அவருடைய கணவர் தவராசா அண்ணை வாங்கிக் கொடுத்தது. தாலிக்கொடி வங்கிப் பெட்டகத்தில் கிடந்தாலும் மோதிரம் விரலில்தான் இருக்கவேண்டும் என்பது அண்ணையின் சட்டம்.

அந்த வகை மோதிரத்தின் பழைய கதையையும் அண்ணைதான் சொன்னாராம். துருக்கிப் பக்கம் ஒருவன் பயணம் போகுமுன் மனைவிக்கு இப்படியொன்றைப் போட்டுவிட்டானாம். கழற்றினால் திரும்பப் பூட்டத் தெரியாமல் பிடிபடுவாள் என்று. கடையில் இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்காமல் பெட்டியை மூடுவார்.

ஐரோப்பாவின் இரட்டை வளைய மோதிரம் பற்றியும் சொல்லுவார். நிச்சயம் செய்ததும் ஆளுக்கொரு வளையம். கலியாணத்தன்று இரண்டும் சேர்ந்து பெண்ணின் விரலுக்கு வந்துவிடும். "பாத்தியே வசந்தி, பூட்டு முழுக்கப் பொம்பிளையின்ர கையில. அவர் கைவீசிக்கொண்டு போவார்," என்று என்னிடம் சொல்வார்.

அண்ணையைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வீர்கள்: தங்கமான மனிதர், பனிக்குளிரில் மனைவியை ஒருநாளும் பஸ்ஸில் விட்டதில்லை. உண்மைதான். காலையில் வாசலில் கொண்டுவந்து இறக்குவார். மதியம் தொலைபேசியில் கூப்பிட்டு, யாருடன் சாப்பிடுகிறாய் என்று கேட்பார். கடை பூட்டுமுன்பே வெளியே கார் நிற்கும். தனியாக மெட்ரோ ஏறி டவுன்டவுன் போய் ஒரு கோப்பி குடிக்கவேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்து போகவில்லை. அந்தக் காரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தபோது, அக்கா மோதிரத்தை உருவி மேசையில் போட்டார். எனக்குப் பதறியது. அவர் ஆறுதலாகச் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டு, கை கழுவி, என்னுடன் கதைத்தபடியே வளையங்களைப் பொருத்தி விரலில் மாட்டினார்.

"அண்ணைக்கு இது தெரியுமே?"

"இல்லை. அவருக்கே இதைப் பூட்டத் தெரியாது."

"அப்ப ஏனக்கா இன்னும் இப்பிடி இருக்கிறியள்?"

"கழருறது மோதிரம் மட்டும்தான். நான் எங்க போறது? பிள்ளையள், சனம், கோயில், எல்லாம் அவரோட சேத்துத்தானே."

அதன்பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் மோதிரம் மேசையில் கிடந்தது. பார்த்துப் பார்த்து எனக்கும் பொருத்தும் விதம் பிடிபட்டுவிட்டது.

செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில் அண்ணை கடைக்கு வந்தார். சிறிய பிளாஸ்டிக் பையில் நான்கு வளையங்களும் சிக்கிக் கிடந்தன.

"ஆஸ்பத்திரியில நேர்ஸ்மார் கழட்டிப்போட்டினம் போல. நானும் இருந்து பாக்கிறன், சரிவருதில்லை. அவ ஒருநாளும் கழட்டாத மோதிரம், தங்கச்சி. ஒருக்காப் பூட்டித் தாங்கோ."

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததை மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். கழற்றியது தாதியர் அல்ல. அம்மாவே உருவிக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தாராம். பிறகு எடுத்துத் தரச்சொல்லிக் கேட்கவே இல்லையாம்.

வளையங்களைக் கையில் எடுத்தேன். என் விரல்கள் தாமாகவே முதல் இரண்டையும் சேர்த்துவிட்டன. திரும்பக் குலைத்தேன்.

"எனக்கும் தெரியாது அண்ணை," என்று பையில் போட்டுக் கொடுத்தேன்.

இதை அவர் வாசிக்கக்கூடும். வாசிக்கட்டும். ராஜினியக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நான்கு வளையங்களையும் பூட்டும் வித்தை ஒன்றுதான். அவர் கழற்றி வைத்ததை நான் பூட்டித் தரமாட்டேன்.