எங்கள் வீட்டில் கிடைத்த புழு

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அம்மாவுக்குச் சுகாதாரத் துறையில் தற்காலிக வேலை கிடைத்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும் அவள் பொறுப்பு. வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முந்தைய மழைக்காலத்தில் என் தம்பி டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தான். அதனால் அம்மா அந்த வேலையைக் கொஞ்சம் கூடுதலான வேகத்தோடுதான் பார்த்தாள்.

அந்த வேகம்தான் வினையானது. எதிர்வீட்டுப் பெரியம்மா கடைக்குப் போயிருந்த நேரம், அவர் வாசலில் இருந்த டிரம்மில் புழு நெளிவதைப் பார்த்த அம்மா, அதை அப்படியே கவிழ்த்துவிட்டாள். இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை அவள் யோசிக்கவில்லை. திரும்பி வந்த பெரியம்மா தெருவுக்கே கேட்கும்படி பேசினார். கழுத்தில் கார்டு மாட்டியதும் பெரிய ஆபீசராகிவிட்டாளா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு யாரும் அம்மாவுக்குக் கதவு திறக்கவில்லை. அம்மா கூப்பிட்டால் உள்ளே டிவி சத்தம் குறையும், ஆள் வராது. நோட்டீஸை மட்டும் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவாள். அந்த நோட்டீஸில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கப்பல் செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் நேரம் பார்த்து, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

"கேக்காம தண்ணிய கொட்டுனது என் தப்புக்கா."

பெரியம்மா இறங்கி வரவில்லை. "ஊர் ஊட்டயெல்லாம் பாக்குறியே, உன் ஊட்ட யாரு பாக்குறது?"

 அம்மா டார்ச்சை அவரிடம் நீட்டி, "நீங்களே வந்து பாருங்கக்கா" என்றாள்.

பெரியம்மா விடவில்லை, வந்தார். தொட்டி, பூச்செடிகள், மாடி என்று ஒன்று விடாமல் பார்த்தார். எங்கும் ஒன்றும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் அவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தார். கீழே தண்ணீர் வடிந்து சேரும் ஒரு தட்டு இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதில் நான்கைந்து புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

தம்பி படுப்பது அந்த ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மாதான் தட்டை எடுத்துப்போய் வெயிலில் கொட்டித் தேய்த்துக் கழுவினார். அன்று எங்கள் வீட்டில் காபியும் குடித்தார். தண்ணீர் வராத ஊரில் கொட்டச் சொன்னால் எவள் கொட்டுவாள், மூடச் சொல் என்றார். அன்று மாலையே பழைய வேட்டியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து, தன் டிரம்முக்கு மாட்டினார்.

அடுத்த வாரத்திலிருந்து இருவரும் சேர்ந்தே போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் பெரியம்மாதான் ஆரம்பிப்பார். "இவ ஊட்டுலயே புழு கெடந்துச்சு. நான்தான் புடிச்சேன். உன் ஊட்டுல இல்லாமலா போவும்?" கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்தபடியே கதவைத் திறந்தார்கள். டிரம்களுக்கு ஒவ்வொன்றாக வேட்டி மூடி ஏறியது.

பள்ளியில் என்னைப் புழு வீட்டுக்காரி என்றார்கள். பெரியம்மாவின் வாயை அடைக்கச் சொல்லி அம்மாவிடம் அழுது சண்டை போட்டேன். அவள், சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மட்டும் சொன்னாள். நான் தெருக்காரர்கள் கண்ணில் படாமல் சுற்றுவழியில் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். அந்த மழைக்காலம் முடியும்வரை எங்கள் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூடக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அது என் கண்ணில் படவே இல்லை.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோதுதான் பெரியம்மா இன்னொரு விஷயத்தைச் சொன்னார். தெருவில் எவரிடமும் அந்தத் தட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றுதான் அவர் அன்றைக்கு நினைத்தாராம். மறுநாள் காலையில் அம்மாதான் அவர் வாசலில் போய் நின்று கேட்டிருக்கிறாள்: "எல்லார் ஊட்டுலயும் மொதல்ல என் ஊட்டு கதைய சொல்லுங்கக்கா."