நான் போட்ட கிளிப்

திருச்செங்கோட்டில், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் பைப் விற்கிறவன் நான். எந்தப் பைப்பைக் கொடுத்தாலும் எங்கே காற்று ஒழுகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தத் திறமைதான் என் குடியைக் கெடுத்தது.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தாள். வருவதே அபூர்வம்; அவளுக்கு கிரீஸ் நாற்றம் ஆகாது. கையில் பூப்போட்ட துணி சுற்றிய ஒரு பைப், முனையில் மரக் கைப்பிடி.

"அப்பா, இதுல காத்து லீக் ஆகுதுங்ப்பா."

"என்ன மிசின் சாமி இது?"

"பிரண்டோடது. லேப்புக்கு வேணும்."

மகள் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்துவிட்டாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிக் வண்டிக்காரர் ஒருவரைக் காக்க வைத்துவிட்டு, கைப்பிடி சேருமிடத்தில் வெடித்திருந்த ரப்பரை வெட்டி, எஃகு கிளிப் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இறுக்கினேன். ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிச் சோதித்தும் பார்த்தேன். புதினா வாசனை.

"உங்க லேப்புல சட்னியா அரைக்கறாங்க?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஜோக்குக்கு வீட்டில் யாராவது சிரித்து வருடக்கணக்கு ஆகிறது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து மனைவி செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். மகளின் தோழி ஸ்டேட்டஸில் வைத்த படம். நடுவில் ஹூக்காக் குடுவை, சுற்றி நாலைந்து பெண்கள், ஒரே புகை. புகைக்குள் இருந்த முகம் எனக்குப் பிடிபடவில்லை. கிளிப் உடனே பிடிபட்டது.

"ஏனுங்க, இது நம்ம பாப்பாதானுங்களே?"

"கிளிப்பு நம்முளுது" என்றேன்.

இரண்டு முறை கக்கூஸுக்குப் போனேன். மூன்றாம் முறை சும்மாவே உட்கார்ந்து, அவளிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஒரு தடவை போலீஸ்காரர் மாதிரி, ஒரு தடவை அழுகிற மாதிரி. வெளியே வந்தால் அவள் தோசை தின்றுகொண்டிருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

"அந்த ஹூக்கா வேண்டாம் சாமி." அவ்வளவுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது ஒண்ணும் பண்ணாதுங்ப்பா. தண்ணிக்குள்ள போயி ஃபில்டராகித்தான் வருது."

ஃபில்டரைப் பற்றி என்னிடமா? "ஆயில் ஊத்துன ஃபில்டரையே கழட்டிப் பாத்திருக்கறேன். அதைத் தாண்டியும் உள்ளார கரிதான். எண்ணெயில நிக்காதது தண்ணியில நிக்குமா?"

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். சிகரெட் பெட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. "உங்குளுது எந்த ஃபில்டருங்ப்பா?"

இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக் களைத்துப்போன மனைவி, சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நானும் உட்டர்றேன். நீயும் உட்டுரு."

"நீங்க மொதல்ல உடுங்க, பாக்கலாம்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். உள்ளே போய்ப் பைப்பைக் கொண்டுவந்து என் மடியிலேயே வைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நீங்களே வெச்சுக்கங்க. அந்தக் குடுவையில இன்னும் மூணு பைப் இருக்குதுங்ப்பா."

ஒரு லைனை அடைத்தால் மற்ற லைனில் இழுவை கூடும். வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லித் தருகிற பாடம்.

பைப் இப்போது கடை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஸ்பேனர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் புதினா. காலையில் அவள் இருமினால், வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்று காதைக் கொடுக்கிறேன். எஞ்சினாக இருந்தால் எந்த இடம் என்று சொல்லிவிடுவேன். "சளிதானுங்ப்பா" என்கிறாள்.

நான் நான்கு நாள் சிகரெட்டை விட்டிருந்தேன். ஐந்தாம் நாள் கடைக்குப் பின்னால் நின்று ஒன்று பற்றவைத்தேன். வாய்நிறைய புதினா மிட்டாயை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தவள் ஒரு கணம் மூக்கை உறிஞ்சினாள்.

"கடையில சட்னி அரைச்சீங்களாப்பா?"

இந்த முறை இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவள் இருமிக்கொண்டே உள்ளே போனாள்.