கிணற்றுக்குச் சுண்டிய காசு

அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. திருச்செங்கோட்டுக்கு மேற்கே எங்கள் காடு. நிலத்தை மூன்றாக்குவதில் சிரமமில்லை. கிணறு ஒன்றுதான். அது யார் பங்கோடு போவது என்பதில் பேச்சு நின்றுவிட்டது.

அப்பாதான் வழி சொன்னார். "ரண்டு காலணாவச் சேத்திச் சுண்டலாம். ரண்டும் தலையா உழுந்தா கெணறு அண்ணனுக்கு. ரண்டும் பூவா உழுந்தாத் தம்பிக்கு. தலை ஒண்ணு பூ ஒண்ணுன்னா எனக்கு. ஆளுக்கொரு வழி."

எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "புள்ள கையில குடுங்கண்ணா. அதுக்குச் சூதுவாது தெரியாது."

சுண்டினேன். ஒன்றில் ராஜா தலை, ஒன்றில் பூ. கிணறு எங்களுக்கு வந்தது.

சில நாள் கழித்து விளையாட்டாக அதையே செய்து பார்த்தேன். கையில் அகப்பட்டவை ஒரு செம்புக் காலணாவும் ஒரு வெள்ளிக் கால் ரூபாயும். நிறம் வேறாக இருந்ததால்தான் கண்ணில் பட்டது. செம்பு தலை, வெள்ளி பூ என்று விழுந்தது. பிறகு செம்பு பூ, வெள்ளி தலை. இரண்டுமே அப்பாவின் பங்கு. மற்ற இருவருக்கும் ஒவ்வொரு வழிதான். காசு விழக்கூடிய விதம் மூன்றல்ல, நான்கு; அதில் பாதி எங்களுக்கு.

மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். தெரியாமல் நடந்த பிசகு, கேட்டதும் திகைத்துப்போவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவே இல்லை.

"ஊட்டுப் பேச்சு ஊட்டோட இருக்கட்டும் சாமி."

கையிலிருந்த காசுகளை மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

ஆடியில் மழை பெய்ததும் சித்தப்பா வந்தார். "ராசியான கை. எங்காட்டுல மொதக் கடலைய நீ போடு சாமி" என்று அழைத்துப் போனார். உழுத சாலில் குனிந்தவள், விதையைப் போட முடியாமல் அழுதேன். கேட்டார், சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. கறுப்பு ஓட்டுச் சில்லு ஒன்று, சிவப்பு ஒன்று எடுத்துப் புரட்டிப் புரட்டி வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வெதையப் போடு" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, இன்னொருக்காச் சுண்டலாமுங்களா? இந்தத் தடவ தலை ஒண்ணு பூ ஒண்ணுன்னா எனக்குன்னு வெச்சுக்கலாமுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"போட்டது போட்டதுதான்."

"செரிங்கண்ணா" என்று சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

கோடையில் சித்தப்பாவின் காடு காய்ந்தது. தண்ணீர் விட்டுக்கொள்ளச் சொல்லி அப்பா ஆள் அனுப்பினார். அவர் வரவில்லை. சித்தி குடத்தோடு எங்கள் கிணற்றைத் தாண்டித்தான் ஊர்க்கிணற்றுக்குப் போக வேண்டும். அவள் வருவது தெரிந்தால், இறைப்பதை விட்டுவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.