அக்குள்ல நெறி, கையில ரிப்போர்ட்டு

பொய்யா சொல்றேன் நானு? சிதம்பரத்துல ஒரு லேப்ல ஊசி டெஸ்டுக்குக் கூட நின்ன நர்ஸு சொல்றேன்: கட்டியில எந்த மூலையில ஊசி எறங்குச்சோ, அந்த மூலை சேதிதான் ரிப்போர்ட்டுல வரும். என் மருமவ செல்வி நம்பணுமே! அவ அக்குள்ல எலுமிச்சங்கா மாதிரி கட்டி. மொத ஊசியில கெட்டது எதுவும் தெரியல. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே தடிச்ச ஊசியில இன்னொரு தடவ எடுக்கணும்ங்கறாரு டாக்டரு. "அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே"ங்கறா இவ. உங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கும், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

நண்டு கடிச்ச கை

கடலூர்ல மீன் விக்கிற அம்மா. மீன் அரியறவங்களுக்கு வெரல்ல வெட்டு, நண்டுக்கடி ஓயாது. அக்குள்ல நெறி கட்டும், தானா வத்தும். (நண்டுன்னா எங்க வீட்டுக்காரருக்கு உசுரு, ஒடைக்கத்தான் தெரியாது. அத வுடுங்க.) இந்தம்மாவுக்கு வெரல் ஆறியும் நெறி வத்தல. ஊசி எறங்கறப்ப கைய வெடுக்குனு இழுத்துச்சு, வெறும் ரெத்தம்தான் வந்துச்சு. ஒண்ணுமில்லன்னு போயிடுச்சு. கட்டி பெருசாகித் திரும்ப வந்தப்ப ஸ்கேன் வெச்சுக் குத்துனாங்க, டீபி. மாத்திரையில சரியாவும்னு சொன்னா, என்னைப் பாத்து ஒரு மொறை:

"அன்னிக்கே என் கைய நீ ஒழுங்கா புடிச்சிருந்தா, இந்நேரம் பாதி மாத்திர முழுங்கியிருப்பேன்ல!"

பத்து போட்ட மாமா

சேத்தியாத்தோப்பு மாமா ஒருத்தரு, எங்களுக்குத் தூரத்து ஒறவு. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு அக்குள் பூரா பத்து. டாக்டரு தடவிப் பாத்தா கட்டி எது, பத்து எதுன்னே தெரியல. வெந்நித் துணியால ஒத்தி ஒத்தி நான் தொடச்சா, மனுசன் கைய விலாவோட சேத்து இறுக்கிக்கிட்டாரு. குத்துனா ஒடம்பு பூரா பரவிடுமாம். அப்படியெல்லாம் பரவாதுன்னு நானும் டாக்டரும் மாத்தி மாத்திச் சொன்னோம். என்னைக் கைகாட்டி டாக்டர்கிட்ட சொல்றாரு:

"பரவாதுன்னா மொதல்ல இவளுக்குக் குத்து, அப்பறம் எனக்குக் குத்து."

எங்க வீட்டுக் கட்டி

இத்தினியும் சொல்லி முடிச்சேன். ஊசியில கெட்டதுன்னு வந்தா அனேகமா நம்பலாம்டி, இல்லன்னு வந்தும் கட்டி போகலன்னா வுடவே கூடாதுன்னேன். செல்வி அக்குள அமுக்கிப் பாத்தா. மொகம் சுண்டிப் போச்சு. "கெட்டதுன்னு வந்துட்டா அத்தே?"

"வந்தா வைத்தியம் பாப்போம். என்னான்னே தெரியாம எதுக்குடி வைத்தியம் பாக்குறது?"

ரிப்போர்ட்ட மடிச்சுப் பையில வெச்சா. அப்பறம் சொன்னா:

"சரி, வர்றேன். ஆனா உள்ள வந்து அந்த டாக்டருக்கு ஊசி புடிக்க நீங்க சொல்லித் தரக் கூடாது."

ஊசி எறங்குறது ஒரு நொடி, அதுக்கு ஆளப் படுக்க வெக்கறதுக்குள்ள என் தொண்டத் தண்ணி வத்திடுது. ஏ மவனே மணி, கொடியில ஒம் பொண்டாட்டியோட லூசு ஜாக்கெட்டு காயுது பாரு, உள்ள எடுத்துட்டு வா, கைய தூக்குறதுக்கு அதான் தோது!