ஊர் கேட்காத கோயில்

எங்கள் பக்கத்தில் தண்ணீர் கேட்டு வருகிறவரிடம்கூட எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று விசாரித்துவிட்டுத்தான் செம்பை நீட்டுவார்கள். அப்படிக் கேட்காத ஒரே இடம் அடுப்பாத்தா கோயில். உத்தமபாளையம் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே தகரக்கூரை போட்ட நீளக் கொட்டகை அது. சிலை கிடையாது. மூன்று கல்லும் அணையாத நெருப்பும்தான் சாமி. வீடில்லாதவர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், சாப்பிடலாம். அவர்களுடைய ஊரையும் பேரையும் மட்டும் யாரும் கேட்கக்கூடாது. பொங்கிப்போடும் முறை வீட்டுக்கு வீடு மாறும்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் எங்கள் முறை வந்தது. அம்மாவோடு நானும் போனேன். அங்கே கைக்குழந்தையோடு ஒரு அக்கா இருந்தாள். உதட்டோரம் வீங்கியிருந்தது. பைக் சத்தம் கேட்டால் போதும், பின்பக்கம் போய் நின்றுகொள்வாள். அவள் எனக்குத் தலை பின்னிவிட்டபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அக்கா, ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கை நின்றது. "வருசநாடு. யாருகிட்டயும் சொல்லிறாத தாயி" என்றாள்.

சாமி குத்தம் செய்துவிட்ட பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் பைக்கில் ஒருவன் வந்தான். வாசலில் நின்றபடி போனில் ஒரு போட்டோவை நீட்டி, "வருசநாட்டுல இருந்து கைப்புள்ளையோட ஒரு பொண்ணு வந்துச்சா?" என்றான்.

அம்மா போனைப் பார்க்கவே இல்லை. "எங்கிட்ட காட்டாதீகண்ணே. இங்கன வாரவுகள ஊரு பேரு கேக்குறதில்ல. எங்களுக்குத் தெரியாது" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், அதனால் அவள் குரல் பிசிறவில்லை. நான்தான் அக்காவை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று முன்னால் போய் நின்றேன்.

"வருசநாட்டு ஆளு யாருமே இங்கன இல்ல. சத்தியமா!"

அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். போகும்போதே யாருக்கோ போன் போட்டான்.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. "நீ அவள ஊரு கேட்டியா?" என்றாள். தலையாட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன், விழவில்லை. கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி, திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த வேனில் அக்காவையும் குழந்தையையும் ஏற்றினாள். எங்கே இறக்கிவிடுவாய் என்று டிரைவரிடம்கூட அவள் கேட்கவில்லை.

"அதான் அவன அனுப்பிட்டேன்ல! ஏம்மா அக்காவ வெரட்டுற?" என்று அழுதேன்.

யாரையும் ஊர் கேட்காத இடத்தில், வருசநாட்டு ஆள் இல்லை என்று இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று அவன் அந்த நிமிடமே கணக்குப் போட்டிருப்பான். எனக்கு அது உறைக்கப் பல வருடங்கள் ஆயின. அந்த அக்கா தப்பித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு வேன் கிளம்பியபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினேன். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அவள் என்னையே பார்த்தாள், பதிலுக்குக் கையாட்டவில்லை. இவ்வளவு செய்தும் ஒரு டாட்டாகூடக் காட்டவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.