வடியவிட்ட கரண்டிகள்

மேற்கு உக்ரைனில் நான் மின்பொறியியல் படித்த நகரத்தை நடந்தே சுற்றிவிடலாம். ஒரு ரயில் நிலையம், கண்ணாடித் தம்ளரால் சூரியகாந்தி விதை அளந்து விற்கும் பெண்களின் சந்தை, குளிர்காலம் முழுக்க விறகுப் புகை, பிறகு மயானம். அங்கே கல்லறைகளுக்குப் பக்கத்தில் சிறு மேசையும் உட்கார வாங்கும் போட்டிருப்பார்கள். ஈஸ்டர் முடிந்ததும் குடும்பமாகப் போய், செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டில், ஏசு பிறந்த நத்தாருக்கு முந்திய மாலை முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. உட்காருமுன் அவரவர் கதிரையில் ஒருமுறை ஊதுவார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் ஆவி அதில் அமர்ந்திருக்கலாம். சாப்பிட்ட தட்டுகளை எடுப்பதில்லை. நடுவிலிருக்கும் இனிப்புச் சோற்றுக் கிண்ணத்தைச் சுற்றிக் கரண்டிகளைச் சாய்த்து வைப்பார்கள், இரவில் வருகிறவர்கள் உண்பதற்கு. காலையில் யாருடைய கரண்டி குப்புறக் கிடக்கிறதோ, அவர் அடுத்த நத்தாரைக் காணமாட்டார்.

அந்த வீட்டு மகள், என் தோழி, இப்போது எங்கள் ஊரான பலாபத்வலையில் என்னோடும் அம்மாவோடும் இருக்கிறாள். மடிக்கணினியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தம்பி போர்முனையில். சில வேளை நாட்கணக்கில் அவனிடமிருந்து செய்தி வராது.

போன நத்தாருக்கு அவளே சமைத்தாள். அந்த இனிப்புச் சோற்றுக்குக் கோதுமை மணி கிடைக்காமல் சிவப்பரிசி, தேனுக்குக் கித்துள் பாணி, கசகசாவுக்கு எள்ளு. இறைச்சியும் பாலும் கூடாது.

"இது என்னா நத்தாரு? நம்ம சஷ்டி விரதம் மாதிரியில்ல இருக்கு" என்றார் அம்மா.

தோழி கதிரையில் ஊதினாள். "தூசியா மகள்? காலையிலதானே தொடச்சேன்!" என்று அம்மா கோபித்துக்கொண்டார். நாங்கள் மூவர். நான்காவது தட்டும் கரண்டியும் மேசையின் ஜன்னல் பக்கத்தில், தம்பிக்காக.

சாப்பிட்டு முடித்ததும் தோழி நான்கு கரண்டிகளையும் கிண்ணத்தைச் சுற்றிச் சாய்த்து வைத்தாள். அம்மா தட்டுகளை அடுக்கப் போனபோது அவர் கையைப் பிடித்தாள். காலை வரை இருக்கட்டும் என்று நான் மொழிபெயர்த்தேன்.

"எச்சத் தட்டைக் கழுவாம வச்சா மூதேவி வந்து குந்திக்குவா புள்ள."

அதையும் மொழிபெயர்த்தேன். "எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தான் என்று சொல்" என்றாள் தோழி. கரண்டிச் சகுனத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவார்.

காலையில் நான் எழுந்து வந்தபோது தோழி சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். மேசை துடைத்துக் கிடந்தது. குழாயடியில் விரித்த துணிமேல் கரண்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாமே குப்புற.

"நான்தான் வெள்ளன எழும்பிக் கழுவிக் கவுத்து வச்சேன். தண்ணி வடிய வேணாமா?" அம்மா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். "ஏன் ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?"

கரண்டிச் சகுனத்தைச் சொன்னேன். தோழி சுவரில் சாய்ந்து சிரித்தாள். "மூதேவி வந்துவிட்டுப் போனாளா, கேள்."

அம்மாவும் சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் நான் கவுக்கல. வந்து பாக்குறப்பவே குப்புறத்தான் கெடந்துச்சு."

"எதும்மா?"

"ஜன்னல் பக்கம், ஆளில்லாத கதிரைக்கு முன்னால வச்சது."

என்ன சொல்கிறார் என்று தோழி கேட்டாள். கிண்ணத்தில் எறும்பு ஏறிவிட்டதாம் என்றேன்.

அவள் குளிக்கப் போன பிறகு காரணங்களைத் தேடினேன். ஜன்னல் பூட்டியிருந்தது. வீட்டில் பூனை இல்லை. எலி வந்திருந்தால் சோற்றைத் தின்றிருக்கும். சோறு தொடாமல் இருந்ததாக அம்மா சொன்னார். பெருவீதியில் போன லொறியின் அதிர்வாக இருக்கலாம். அதே கிண்ணத்தில் அதே கரண்டியைச் சாய்த்து, மேசையைப் பலமுறை குத்திப் பார்த்தேன். சரிந்தது, வழுக்கியது. ஒருமுறைகூடக் கவிழவில்லை.

மத்தியானம் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: உயிரோடு இருக்கிறேன், காலுறை மட்டும் நனைந்துவிட்டது. அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். நானும் கைதட்டினேன். ஆனால் அந்தச் சகுனத்தின் தவணை ஒரு வருடம். அது இன்னும் முடியவில்லை.

இப்போது அவள் அம்மாவிடம் தமிழ் பழகுகிறாள். நிறையவே விளங்குகிறது. அம்மாவுக்கோ நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் இருவரும் சமையலறையில் தனியாக இருந்தால், என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு நானும் போய் நிற்கிறேன்.