தயாளன் சார் எனக்குத் தவறாகச் சொன்ன சொல்

என் தம்பி பார்த்திபனுக்கு ஆட்டிசம்; கைபேசி மணி அடித்தால் தாங்காது. அதனால் என் கைபேசி எப்போதும் அதிரும், ஒலிக்காது. அன்று காலை அவனுக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அது விடாமல் அதிர்ந்தது. சனிக்கிழமை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பின் ஒருவராக எழுதிக்கொண்டிருந்தார்கள். தயாளன் சார் விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

அந்த வகுப்புக்கு வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எழுதிய அஞ்சலிகளை எல்லாம் படித்தேன். நம் பிள்ளைகளுக்குத் தெய்வமாக இருந்தவர் என்கிறீர்கள். அவர் சாவதற்கு முந்தைய நாள் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சார் அரசுப் பணியில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராக இருந்தவர். வெம்பாக்கம் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஆரணிக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் பட்டுக்கடை ஒன்றின் மாடியில் சனிக்கிழமைதோறும் அப்படிப்பட்ட பிள்ளைகளின் வீட்டாரான எங்களை உட்கார வைத்துப் பேசினார். பாடம் என்று எதுவும் கிடையாது. மருத்துவமனையிலும் முகாமிலும் எங்கள் காதில் விழுந்து, புரியாமலே வீட்டுக்குக் கொண்டுவந்த வார்த்தைகளை அவரிடம் சொல்வோம். அவர் அர்த்தம் சொல்வார்.

விசைத்தறி வைத்திருந்த ஒருவர் ஒரு நாள் அழாத குறையாக வந்து உட்கார்ந்தார். “ஸ்கிரீனிங்ல எம் பையன் ஃபெயிலாயிட்டான் சார்” என்றார். சார் சிரிக்கவில்லை. “ஸ்கிரீனிங்னா சந்தேகம் இருக்குதான்னு பாக்கறது. இருந்தா, அப்புறமா உட்கார்ந்து முழுசா பாக்கறாங்க பாருங்க, அது அசெஸ்மென்ட். ரெண்டுத்துலயும் பாஸும் கெடையாது, ஃபெயிலும் கெடையாது. இவனுக்கு என்ன ஒத்தாசை வேணும்னு தெரிஞ்சிக்கறதுக்குத்தான் ரெண்டும்” என்றார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எங்கள் வீட்டையும் அவர்தான் மாற்றினார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் பார்த்திபன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தினால், சுற்றி நிற்பவர்கள் அடம் என்பார்கள். அம்மாவும் அடம் என்றே நினைத்து அடிப்பாள். சார் ஒரு நாள் அம்மாவையே நேராகப் பார்த்துச் சொன்னார்: “அடம்னா ஏதோ வேணும்னு பண்றது. இது அவனால தாங்க முடியாம போறதும்மா. மெல்ட்டவுன்னு சொல்லுவாங்க. அந்த நேரத்துல அவன அடிக்கறது, ஜுரம் வந்தவன அடிக்கற மாதிரி.” அதன்பிறகு அம்மா அவனை அடித்ததில்லை. அப்படியே விழுந்தாலும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு செய்ய முடியும் என்று அன்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் பிறகு அவரிடம் இன்னொரு சொல்லைக் கொண்டுபோனேன்.

அப்போது நான் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். சூப்பர்வைசராக உயர்த்தப்போவதாகச் சொன்னார்கள். ஆனால் ஷிப்ட் மாறி மாறி வரும். அப்பா இல்லை. அம்மா அதற்குள் பக்கவாதத்தில் படுத்துவிட்டிருந்தாள். வளர்ந்த ஆண்பிள்ளையை அவளால் பார்த்துக்கொள்ள முடியாது. மருத்துவமனையில் ஒரு பெண்மணி, ரெசிடென்ஷியல் கேர் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள் என்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் சாரிடம் கேட்டேன். அவர் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

“பேரு நல்லாத்தான் வெச்சிகினு இருக்காங்க. தமிழ்ல சொன்னா, கொண்டுபோயி விட்டுட்டு வர்றது. அவ்ளோதான் மஞ்சு.”

“நல்லா பாத்துக்கற எடம்னா கூடவா சார்?”

“எந்த எடமா இருந்தா என்ன? விட்டுட்டு வந்தது வந்ததுதான்.”

அந்த வாரமே வேலையை விட்டேன். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும் சத்தம் வரும்போதெல்லாம் உள்ளறைக்குப் போய்விடுவேன். வருத்தமாக இருந்தாலும், தம்பியை விட்டுவிடவில்லை என்று தேற்றிக்கொண்டேன். சாரும் கூட்டத்தில் என்னைக் காட்டி, “இந்தப் பொண்ணப் பாருங்க” என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இனி சொல்வதை அவர் மனைவி சுலோச்சனா அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். எழுது என்றார்.

சாருக்குக் குழந்தைகள் இல்லை என்றே நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் இல்லை என்று சொன்னதில்லை, இருக்கிறது என்றும் சொன்னதில்லை. “உங்க பசங்கதான் எங்களுக்கு” என்பார். சாவு வீட்டில் நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெம்பாக்கத்திலிருந்து வந்த சாரின் தம்பி குனிந்து, “அண்ணி, பொண்ண இட்டுகினு வரச் சொல்லட்டா, வேணாமா?” என்று கேட்டார்.

“கூட்டத்தப் பாத்தா பயந்துடுவா. நாம அப்புறமா போலாம்” என்றார் அக்கா.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

ஒரே மகள். பெயர் கவிதா. அவளுக்கும் ஆட்டிசம். சார் ஆரணிக்கு வருவதற்கு முன்பே அவள், ரெசிடென்ஷியல் கேர் என்கிறார்களே, அப்படித் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவிகாபுரத்தில் நிலம் பார்க்கப் போகிறேன் என்று சார் கிளம்புவாரே, அது நிலம் பார்க்க இல்லை.

காரியங்கள் முடிந்ததும் அக்கா என்னைத் துணைக்கு அழைத்தார். “அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீ தம்பிகிட்ட பேசற மாதிரி பேசு” என்றார். போக எனக்கு மனமே இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் அம்மாவையும் பார்த்திபனையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன்.

கவிதா சமையலறையில் உட்கார்ந்து கொத்தமல்லித் தழை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டு தனி, இலை தனி. அவளுக்கென்று ஒரு அறை, அவள் சொன்ன நிறத்தில் திரை. சத்தம் பிடிக்காது என்பதால் மிக்சி போடும் முன் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்கள். குறை இல்லாத இடம் என்று சொல்லமாட்டேன். கழிப்பறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை, ஆள் போதவில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் விட்டுவிட்டு வந்த பிள்ளையின் முகம் அது இல்லை.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“கவிதா, அப்பா செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு.”

“ஞாயித்துக்கெழம?”

“ஞாயித்துக்கெழமையும் வரமாட்டாரு.”

அவள் இன்னொரு தண்டை எடுத்து இலையைக் கிள்ளினாள். “யாரு வருவாங்க?”

“நான் வரேன்டா” என்றார் அக்கா.

“பஸ்ல?”

“பஸ்லதான்.”

அதன்பின் அவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இல்லத்து அம்மா, அவளே வெளியே வரட்டும் என்றார். வரும்வரை காத்திருந்தோம். வந்து அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார். “உன்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவ கெளம்பினாரு மஞ்சு. உன் மொகத்தப் பாத்தா வார்த்த வரலன்னு திரும்பிடுவாரு.”

“சொல்லியிருக்கலாமேக்கா. நான் வேலைய விடறதுக்கு முன்னாடி.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நானும்தான் சொல்லியிருக்கலாம்” என்றார்.

மகளை அங்கே சேர்த்ததற்காக நான் சாரைக் குறை சொல்லவில்லை. நல்ல இடமாகப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார். அதற்காக அவரால் தன்னையே மன்னிக்க முடியவில்லை என்பதும் புரிகிறது. ஆனால் தனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனையை அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று எனக்குச் சொன்னார். ஞாயிறுதோறும் தன் கண்ணால் பார்த்த உண்மையை என்னிடமிருந்து மறைத்தார். நான் அவரிடம் கேட்டது அறிவுரை இல்லை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். முடிவை நான் எடுத்திருப்பேன். ஒருவேளை அப்போதும் தம்பியை வீட்டில்தான் வைத்திருப்பேனோ என்னவோ. அது இனி எனக்கே தெரியாது.

வரும் சனிக்கிழமை வகுப்பில் சாரின் படத்தை வைக்கிறீர்கள், மாலையை நான்தான் போட வேண்டும் என்கிறீர்கள். வருகிறேன். அசெஸ்மென்ட் என்றால் என்ன, மெல்ட்டவுன் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் அவர் சொன்னபடியே சொல்வேன். அவை அவர் கொடுத்தவை, என்னிடம் பத்திரமாக இருக்கும். ரெசிடென்ஷியல் கேர் பற்றிக் கேட்பவர்களைக் கவிதா இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அவர்மேல் உள்ள கோபத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். அதுவும் அவர் கொடுத்ததுதான். மாலையை மட்டும் வேறு யாராவது போடுங்கள்.